எங்கள் வீட்டுச் சாளக்கிராமம் அம்மோனைட்டாம், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

காவேரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பிறந்த வீடு கும்பகோணம். வீட்டுக் கோயிலாழ்வாரில் (பூஜை மாடம்) நான்கு சாளக்கிராமம் இருக்கிறது, பெருமாளாகவே ஆராதிக்கிற கண்டகி ஆற்றுக் கல். யார் கொண்டுவந்தது என்று இப்போது யாருக்கும் தெரியாது, காசிக்குப் போன ஏதோ ஒரு கொள்ளுத்தாத்தா என்பார்கள். இரண்டு எலுமிச்சை அளவு, ஒன்று நெல்லிக்காய் அளவு. நான்காவது கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் வாய் திறந்த மாதிரி ஓட்டை, உள்ளே பார்த்தால் சக்கரம் தெரியும். அப்பா இருந்தவரை தினமும் திருமஞ்சனம் அவர், இப்போது அண்ணா. தளிகை, அதாவது பெருமாளுக்கான சமையல் மட்டும் அன்றும் இன்றும் அம்மாதான். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவளுக்கு இப்போது எண்பத்தொன்று. பெருமாள் அமுது செய்யாமல் அந்த வீட்டில் யாரும் இலை போட்டு உட்கார்ந்ததில்லை.

போன மாதம் அண்ணா ஒரு வாரம் ஊரில் இல்லை, அதனால் திருமஞ்சனம் என் மகன் தலையில் விழுந்தது. அவன் எம்.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கிறான். பால் விட்டு, தண்ணீர் விட்டு, துணியால் ஒற்றி எடுத்தவன், அந்த வாய் திறந்த பெருமாளை மட்டும் ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். பையிலிருந்து ஒரு சின்ன மடக்கு லென்ஸை எடுத்துக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பெருமாளை மூக்குக்குக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாக என்னிடம், "அம்மா, இது அம்மோனைட். கடல் பிராணி. பதினஞ்சு கோடி வருஷம் இருக்கும்" என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அம்மாவுக்கு டிவி சத்தம் கேட்காது, இதெல்லாம் கேட்கும். "என்னடா பிராணி?" என்றாள். "நத்தை மாதிரி பாட்டி" என்றுவிட்டான்.

அன்று முழுக்க அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு என்னிடம் கேட்டாள்: "அப்போ அறுபது வருஷமா நான் தளிகை பண்ணினது ஒரு செத்த நத்தைக்கா?"

மறுநாளும் தளிகை செய்தாள். ஆனால் அடுப்படியில் எப்போதும் வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாசுரம் இல்லை. அது இல்லாத அந்தச் சமையல்கட்டு எனக்கு என்னவோ போல இருந்தது.

மகன் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. அவனிடம் "பாட்டி முன்னால் இப்படிப் பேசாதே" என்று சொல்லவும் மனசு வரவில்லை, படிக்க அனுப்பியதே நாம்தானே. "அது வேறு, இது வேறு" என்று யாராவது ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனால் அது எனக்கு உதவாது, அதை நானே அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "எது வேற?" என்றாள். பதில் இல்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.

கல்லுளிமங்கன்:

நானும் ஜியாலஜிதான், இருபத்தெட்டு வருஷமாகக் கல்லோடு குடித்தனம். உங்கள் பையன் சொன்னது சரி. ஆனால் நத்தை என்று சொன்னது தப்பு, முதலில் அதைத் திருத்திவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் பாட்டிக்குப் பாதி வருத்தம் அந்த வார்த்தையால்தான் என்று தோன்றுகிறது.

அம்மோனைட் கணவாய், ஆக்டோபஸ் குடும்பம். ஓட்டுக்குள் வாழ்ந்த கணவாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடு சுருள் சுருளாக வளரும், உள்ளே தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாக இருக்கும். பிராணி குடியிருப்பது கடைசி அறையில் மட்டும்தான். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிவிட்டு, பழைய அறையை வாயுவால் நிரப்பிக்கொள்ளும், மிதப்பதற்கு. எல்லா அறையையும் ஊடுருவிக்கொண்டு, ஓட்டின் வெளி விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய குழாய் போகும். நத்தைக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. டைனோசர்கள் ஒழிந்த அதே காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த இனமும் மொத்தமாக முடிந்துபோனது.

சாளக்கிராமம் உருவான விதம் இன்னும் நன்றாக இருக்கும். இன்று நேபாளத்தில் முஸ்தாங் என்கிறோமே, முக்திநாத் பக்கம், அது அப்போது டெதிஸ் என்ற கடலின் அடி. அம்மோனைட் செத்து, கறுப்புச் சேற்றில் போய் உட்கார்ந்தது. உடல் அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் ரசாயனம் மாறி, தாதுக்கள் அந்த ஓட்டைச் சுற்றிப் படிந்து உருண்டையாக இறுகின. மேலே மேலே சேறு விழுந்து, அமுங்கி, ஏடு ஏடாகப் பிரியும் கறுப்புக் களிப்பாறையானது. உருண்டை மட்டும் கெட்டியாக உள்ளே கிடந்தது. அப்புறம் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதி, கடலடி இமயமலை ஆனது. காளி கண்டகி அந்தப் பாறையை அரித்துக்கொண்டு ஓடுகிறது, மழைக்காலத்தில் உருண்டைகள் ஆற்றில் விழுந்து உருண்டு வழவழப்பாகின்றன. ஓடு பல சமயம் கரைந்துபோயிருக்கும், அதன் அச்சு மட்டும் கல்லில் நிற்கும். உங்கள் வீட்டுப் பெருமாளின் வாய்க்குள் சக்கரத்தின் ஆரம் போலத் தெரிகிறதே வரிவரியாக, அது ஓட்டின்மேல் இருந்த மேடுகளின் பதிவு. சிலவற்றில் உள்ளே தங்கம் மாதிரி மின்னும், அது பைரைட், இரும்பும் கந்தகமும். அந்த மாதிரிக் கல்லைத்தான் ஹிரண்யகர்ப்பம் என்று உங்கள் வீடுகளில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அம்மோனைட் என்ற பெயரே சாமி பெயர்தான். எகிப்தில் ஆமோன் என்ற கடவுளுக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு, இந்தக் கல் அந்தக் கொம்பு மாதிரி சுருண்டிருக்கிறது என்று ரோமானியர்கள் ஆமோனின் கொம்பு என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் விட்பி என்ற கடற்கரை ஊரில் இதே கல் கொட்டிக் கிடக்கும். ஏழாம் நூற்றாண்டில் அங்கே மடம் நடத்திய புனித ஹில்டா பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டார் என்பது அந்த ஊர்க் கதை. பாம்பு என்றால் தலை எங்கே என்று கேட்டுவிடுவார்களே என்று வியாபாரிகள் உளியால் தலை செதுக்கி விற்றிருக்கிறார்கள்! அங்கே கிடைக்கும் ஒரு வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஹில்டோசெராஸ். ஹில்டாவின் கொம்பு. கதை பொய் என்று தெரிந்தும் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

பாட்டிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பையனை இன்னும் கொஞ்சம் விவரமாகப் பேசச் சொல்லுங்கள் என்பதுதான் எனக்குத் தோன்றுவது. "நத்தை மாதிரி" என்று இரண்டு வார்த்தையில் முடித்தால் அது அவமரியாதையாகத்தான் கேட்கும், யார் காதிலும்.

சும்மா ஒருவன்:

எதற்கு இவ்வளவு சுற்றி வளைத்தல்? கல் என்றால் கல். உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரு வாரம் வருத்தப்படுவார்கள், அப்புறம் சரியாகிவிடும். எண்பத்தொரு வயதில் தினமும் அடுப்படியில் நிற்பதாவது மிச்சம்.

காவேரிக்கரை:

உண்மையை யாரும் மறைக்கவில்லையே, சொல்லியாகிவிட்டது. அடுப்படியில் நிற்காதே என்று நாங்கள் சொல்லிப் பத்து வருஷமாகிறது, கேட்டால்தானே. நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கள், மோர்க்கரண்டியோடு துரத்துவாள்.

கல்லுளிமங்கன் சார், நன்றி. கணவாய் என்று சொன்னால் நிலைமை தேறுமா என்று தெரியவில்லை, அம்மா அதையும் பார்த்ததில்லை. ஆனால் அறை அறையாகக் கட்டிக்கொண்டு போவது என்றீர்களே, அது எனக்கே பிடித்திருக்கிறது.

நாங்கூர் அடியேன்:

அம்மாவுக்கு அடியேனின் தண்டம் சமர்ப்பிக்கவும்.

எங்கள் வீட்டிலும் சாளக்கிராமம் உண்டு, எங்கள் வீட்டிலும் ஒரு விஞ்ஞானி உண்டு (மாப்பிள்ளை). அதனால் இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் மென்று பார்த்திருக்கிறேன்.

புராணத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம். துளசியின் சாபத்தால் பெருமாள் கல்லாகிறார், கண்டகிக் கரையில். வஜ்ரகீடம் என்ற புழுக்கள், வைரம் போன்ற பல் உள்ளவை, அந்தக் கல்லைக் குடைந்து உள்ளே சக்கரத்தை உண்டாக்குகின்றன. பாகவதத்தில் பரதன் (ராமர் தம்பி இல்லை, வேறு ராஜா) ராஜ்யத்தை விட்டுவிட்டுத் தவம் செய்யப் போன இடமும் இந்த ஆற்றங்கரைதான், இருபுறமும் சக்கரம் உள்ள கற்கள் அங்கே என்று வருகிறது. திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடி, முதல் ஒன்பதிலும் சாளக்கிராமம் அடை நெஞ்சே என்று தன் நெஞ்சை அங்கே விரட்டுகிறார். முக்திநாத்தைத்தான் அந்தத் திவ்யதேசமாக இன்று சேவிக்கிறோம்.

இதில் எந்த இடத்திலும் பெருமாள் ஆகாயத்திலிருந்து பளபளவென்று விழுந்தார் என்று இல்லை. ஒரு சாபம், ஒரு ஆறு, ஒரு புழு. புழு குடைந்த கல் என்று தெரிந்துதான் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆராதனம் செய்திருக்கிறார்கள். புழு இருந்த இடத்தில் கணவாய் வந்தால் மட்டும் ஏன் திடீரென்று தீட்டாகிவிட வேண்டும்? அம்மாவிடம் இதைக் கேளுங்கள். மீனாக வந்தவர், ஆமையாக வந்தவர், பன்றியாக வந்தவர். கூச்சப்படுகிற பெருமாள் இல்லை நம்முடையவர்.

சங்கரர் ஒரு உதாரணம் சொல்கிறார், சித்தாந்தம் எங்களுக்கு வேறு, ஆனாலும் உதாரணம் நல்ல உதாரணம். எங்கும் நிறைந்த பரம்பொருளை இதயம் என்ற சின்ன இடத்தில் எப்படித் தியானிப்பது என்ற கேள்வி வரும்போது, சாளக்கிராமத்தில் ஹரியைத் தியானிப்பது போல என்கிறார். பிரம்ம சூத்திர பாஷ்யத்தில். அதாவது கல் கல்தான், தியானிக்கிறவனுக்கு அது இடம். நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பெருமாள் தானாகவே வந்து அதில் இருக்கிறார், அதனால் பிரதிஷ்டைகூட வேண்டாம் என்போம். எப்படிச் சொன்னாலும், இந்தக் கல் எதனால் ஆனது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. எங்கே வந்து இருக்கச் சம்மதித்தார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அதுவும் உங்கள் அம்மா கையால் ஆன புளியோதரைக்குச் சம்மதித்து அறுபது வருஷம் இருந்திருக்கிறார்.

வீரபாண்டியன்72:

பார்த்தீர்களா, இதைத்தான் நான் எப்போதும் சொல்கிறேன். வஜ்ரகீடம் என்றால் அம்மோனைட்தான்! மேலைநாட்டான் கண்டுபிடிப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே நம் முன்னோருக்குத் தொல்லுயிரியல் தெரிந்திருக்கிறது. குறியீடாகச் சொல்லி வைத்தார்கள், நமக்குத்தான் புரியவில்லை.

கல்லுளிமங்கன்:

வீரபாண்டியன், வேண்டாம் சார். நாங்கூர் அடியேன் அழகாகச் சொன்னதை நீங்கள் கெடுத்துவிடுவீர்கள்.

புராணத்தில் கல் முதலில், புழு பிறகு. புழு வந்து கல்லைக் குடைகிறது. நடந்ததில் பிராணி முதலில், கல் பிறகு. வரிசையே தலைகீழ். இரண்டும் ஒன்று என்று சொன்னால் புராணத்தையும் சரியாகப் படிக்கவில்லை, பாறையையும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் நாளைக்கு விஞ்ஞானம் அம்மோனைட் பற்றி ஏதாவது ஒன்றை மாற்றிச் சொன்னால் (சொல்லும், அதுதான் அதன் வேலை) புராணத்துக்கும் சேர்த்துத் திருத்தம் போடுவீர்களா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சுருளை ஆறு செய்திருக்காது, வெடிப்பு செய்திருக்காது, உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை இது என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பாவில் மலைமேல் கிடக்கும் கிளிஞ்சல் எல்லாம் பைபிள் வெள்ளத்தில் அடித்துவந்தவை என்றும், இல்லை கல்லே தானாக அப்படி வளர்ந்தது என்றும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சுமார் 1500 வாக்கில், லியோனார்டோ தா வின்சி தன் குறிப்பேட்டில் அதெல்லாம் இல்லை, இவை இங்கேயே வாழ்ந்து செத்தவை என்று எழுதி வாதாட வேண்டியிருந்தது. கவனித்ததற்குப் பாராட்டலாம். கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம்.

அரியலூரான்:

நான் ஒரு வேண்டாத கேள்வி கேட்கலாமா?

எங்கள் ஊர்ப் பக்கம், காரை, ஊட்டத்தூர், அந்த ஓடைகளில் இறங்கி நடந்தால் அம்மோனைட் காலில் இடறும். சின்ன வயதில் நத்தைக்கல் என்போம் (மன்னிக்கவும் கல்லுளிமங்கன்). மழை பெய்த மறுநாள் போனால் புதுசு புதுசாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கிக் குண்டு மாதிரிக் கூர்க் கல் வேறு கிடைக்கும், அது பெலம்னைட் என்று பிற்பாடு தெரிந்தது, அதுவும் கணவாய்க்கு உறவாம். சுறாப்பல் கிடைக்கும். பெரிய அம்மோனைட் என்றால் மாட்டுவண்டிச் சக்கரம் சொல்லலாம், அவ்வளவு பெரிசும் உண்டு. சிமெண்ட் ஆலைகள் வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லில் பெரும்பாலும் சிப்பிதான், அடுக்கடுக்காக. அந்தக் கடல்தான் இன்று பாதித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் பூச்சாக இருக்கிறது.

இதில் எதையும் எங்கள் ஊரில் யாரும் கும்பிட்டதில்லை. நாங்கள் தெருவில் உருட்டி விளையாடினோம். எங்கள் அப்பாயி ஒன்றை வைத்து வெற்றிலை இடித்தது. கண்டகியில் கிடைத்தால் பெருமாள், காரையில் கிடைத்தால் பாக்கு இடிக்கிற கல்லா? அதே குடும்பத்துப் பிராணிதானே இரண்டும்? வயதில் எங்களுடையது இளையது, பத்துக் கோடி வருஷமோ அதற்கும் கம்மியோ, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனபோது இதுதான் மனதில் ஓடியது. ஸ்டோலிச்கா என்று ஒருவர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1860களில் வேலை பார்த்தவர், எங்கள் பக்கத்து அம்மோனைட்களை வகை பிரித்துப் பெரிய புத்தகமாகப் போட்டவர். அவரேதான் இமயமலையில் ஸ்பிதிப் பாறைகளுக்கும் போனார், சாளக்கிராமம் வருகிற அதே கறுப்புப் பாறை வகை. 1874இல் ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது லடாக் மலையிலேயே இறந்துபோனார், வயது முப்பத்தாறுதான். அந்த மனிதர் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருப்பார். அவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும், இல்லையா?

நாங்கூர் அடியேன்:

வேண்டாத கேள்வி இல்லை, நல்ல கேள்வி. என் மாப்பிள்ளைகூட இதுவரை கேட்டதில்லை.

யோசித்தேன். எல்லா மஞ்சள் கயிறும் தாலி இல்லை. கடையில் தொங்கும்வரை அது கயிறு. இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, ஏனென்றால் நானே மேலே இது தானாக வந்தது, பிரதிஷ்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் காரையில் ஏன் தானாக வரவில்லை என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள். பெருமாள் இருக்கிற இடத்தைச் சாஸ்திரம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், கல்லைச் சோதித்து இல்லை, அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. உங்கள் அப்பாயி இடித்த வெற்றிலை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

தென்பெண்ணைக்காரன்:

திருவக்கரை யாரும் சொல்லவில்லையே. விழுப்புரம் மாவட்டம், வக்கிரகாளியம்மன் கோயில், பௌர்ணமிக்குக் கூட்டம் அள்ளும். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா, சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகப் படுத்துக் கிடக்கின்றன, கிளையும் இல்லை வேரும் இல்லை. வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்ட மரங்கள், அதனால்தான். ஊர்க்கதை என்னவென்றால் அவை வக்கிராசுரனின் எலும்புகள். ஒருமுறை அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் எங்களுக்கு மரத்தின் வளைய வரிகளைத் தொட்டுக் காட்டி, இது மர நார், இது பட்டை, இரண்டு கோடி வருஷம் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார், வாத்தியார் தோற்றார். கிளம்பும்போது என் மனைவி எலும்புக் கதையைக் கேட்டதும், "ஆமாம்மா, அதுவும்தான்" என்றார். எது நிஜம் என்று நான் கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கேட்டிருக்கக் கூடாது.

முத்துநகர் மகன்:

நான் மாதா கோயில் ஆள், சாளக்கிராமம் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. ஆனால் சங்கு பற்றிப் பேசலாம்.

என் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். சங்கு என்றால் கோயிலில் வெள்ளையாக, வழவழவென்று, சந்தனம் குங்குமத்தோடு பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து வரும்போது அது அப்படி இருக்காது. மேலே பழுப்பாகத் தோல் போர்த்தியிருக்கும், உள்ளே பிராணி உயிரோடு இருக்கும். அது நிஜமான நத்தை இனம், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. சதை அழுகி வெளியே வருவதற்காகக் குவித்துப் போட்டு வைப்பார்கள். அந்த நாற்றம் தெரு தாண்டி வரும், பாட்டி தாத்தாவை அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் விடமாட்டாராம். அப்புறம் கழுவி, தோல் சுரண்டி, தேய்த்து, வங்காளத்துக்கு வளையலுக்குப் போகும், கோயிலுக்குப் போகும். தாத்தா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர், அவர் எடுத்த சங்கு எந்தப் பெருமாள் கோயிலில் ஊதுகிறதோ, யாருக்குத் தெரியும்.

நான் கேட்பது இதுதான். விஷ்ணு கையில் இரண்டு பொருள், சங்கு, சக்கரம். சங்குக்குள் ஒரு நத்தை வாழ்ந்து செத்தது என்று எல்லோருக்கும் எப்போதும் தெரியும். அதனால் சங்கின் மரியாதை ஒரு இம்மி குறைந்ததா? யாராவது விஞ்ஞானி வந்து "இது கடல் பிராணியின் ஓடு" என்று சொல்லி எந்தப் பாட்டியாவது ராத்திரி தூங்காமல் இருந்தாரா? சக்கரத்துக்குள்ளும் ஒரு பிராணி இருந்தது என்று இப்போது தெரிந்திருக்கிறது. தெரிந்த நாள் வேறு, அவ்வளவுதானே.

காவேரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மோர்க்கரண்டி வரியைத் தவிர.

நாங்கூர் மாமா எழுதியதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. புளியோதரையில் மட்டும், "அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். திருவக்கரைக் காவல்காரர் வந்ததும் சிரித்தாள். சும்மா ஒருவன் எழுதியதையும் வாசித்தேன், "பாவம், சாப்பிட்டானோ என்னவோ" என்றாள். அரியலூர்க்காரருடைய கேள்விக்கு, "அவா அப்பாயி கையில அதுக்கு ஒரு வேலை இருந்தது, இங்கே ஒரு வேலை" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "வெத்தலை இடிச்சா அந்தக் கோடெல்லாம் தேஞ்சுபோயிருக்குமே" என்று வருத்தப்பட்டாள்.

சங்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த நாத்தமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். கோயிலாழ்வாரில் எங்கள் வீட்டுச் சங்கு ஒன்று இருக்கிறது, அதை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

இன்று காலை மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அதற்குக் கண் இருந்ததா? இருந்திருக்கும் பாட்டி, கணவாய்க்கெல்லாம் நல்ல கண். என்ன சாப்பிடும்? சின்னச் சின்ன உயிர்களை. அப்போ உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? உப்பு. பழைய அறைக்கு அது திரும்பிப் போகுமா? போகாது பாட்டி, சுவர் வைத்து அடைத்துவிடும். இந்தக் கடைசிப் பதிலுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு பிறந்த ஊரை அவள் மூன்று தடவையோ என்னவோதான் பார்த்திருக்கிறாள், அதைத்தான் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

அப்புறம் அந்த லென்ஸைக் கேட்டாள். சாளக்கிராமத்தைப் பெண்டுகள் தொடக்கூடாது என்று அம்மா வைத்திருப்பதால், அவன் ஜன்னல் பக்கம் பெருமாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். கிட்டே, இன்னும் கிட்டே என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். தெரிந்ததும் "அடேயப்பா" என்றாள், அவ்வளவுதான். இந்த அறுபத்திரண்டு வருஷத்தில் பெருமாளை அவ்வளவு கிட்டே அவள் பார்த்ததே இல்லையாம்.

பாசுரம் திரும்பி வந்துவிட்டது, அடுப்படியில். பாதி வரியில் நிறுத்திவிட்டு அவனிடம் ஏதாவது கேட்கிறாள், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில். லென்ஸைக் கேட்டால் "வேற வாங்கிக்கோ" என்கிறாள். கோயிலாழ்வார்க் கதவின் உள்பக்கம், மணி தொங்கும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். கல்லுளிமங்கன் சார், அது என்ன விலை இருக்கும், சென்னையில் எங்கே கிடைக்கும்?